கதற ஓர் அறை

எங்கள் நகராட்சியின் பழைய தகன மண்டபத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டும் வேலை, கட்டட வடிவமைப்பாளரான எனக்குக் கிடைத்தது. வரைபடம் போடுமுன் நான்கு நாள் அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் ஏழு வயதுப் பையனின் சவப்பெட்டி வந்தது. உலைக் கதவு மூடியதும் அவனுடைய அம்மா கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் ஒரு சின்னச் சத்தம் தப்பி வந்துவிட்டது. உடனே உலையைப் பார்த்துக்கொள்ளும் தோகாஷியிடம் திரும்பி இடுப்பு வரை குனிந்தாள்.

"தொந்தரவு பண்ணிட்டேன். மன்னிச்சிருங்க."

பெற்ற பிள்ளையை நெருப்புக்குக் கொடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்கிறாள்! அன்றைக்கு நான் போட்ட கோடுகள் தாளைக் கிழித்தன.

உலைக்கூடத்தை ஒட்டி ஓர் அறை சேர்த்தேன். முழம் தடிமனில் சுவர், இரட்டைக் கதவு, தரையில் கோரைப்பாய், உயரத்தில் ஒரு ஜன்னல். உள்ளே எப்படிக் கதறினாலும் வெளியே கேட்காது.

கூட்டத்தில் கட்டடப் பிரிவுத் தலைவர் இகராஷி அந்த அறையைச் சிவப்பு மையால் சுழித்தார்.

"இது எதுக்கு குரோனுமா மேடம்? நம்ம ஊர்ல யாரு வாய்விட்டு அழறாங்க? இங்க ரெண்டு கூல்டிரிங்ஸ் மெஷின் வெச்சா உபயோகமா இருக்கும்."

உலை பற்றி விளக்கம் சொல்ல வரவழைக்கப்பட்டிருந்த தோகாஷி கடைசி நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அழறாங்க சார். காருக்குள்ள ஏறி, கண்ணாடிய ஏத்திக்கிட்டுக் கத்துறாங்க. இருபத்திரண்டு வருஷமாப் பாக்குறேன். போன வாரம் ஒரு பெரியவர் கக்கூஸுக்குள்ள போயி, குழாயத் திறந்து விட்டுட்டுக் கால் மணி நேரம் அழுதாரு. வெளிய வந்து, தண்ணிய வீணாக்கிட்டேன்னு என்கிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

"தோகாஷி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

அவர் உட்கார்ந்துவிட்டார். ஐம்பத்தொரு வயது வரை எந்தக் கூட்டத்திலும் குரல் உயர்த்தாத நான் மேஜையைத் தட்டி எழுந்தேன்.

"கக்கூஸ்ல அழுதிருக்காரு அந்த மனுஷன்! ஊர்ப் பணத்துல நாம கட்டின கட்டடத்துல அழறதுக்கு அந்த இடம்தான் இருக்கு. உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

ஒருவரும் தலை நிமிரவில்லை. இகராஷி மட்டும் சிரித்தார்.

"மேடம் ரொம்பக் களைச்சுப் போயிருக்காங்க. பத்து நிமிஷம் இடைவேளை விட்டுக்கலாம்."

அந்தச் சிரிப்பை அறைய வேண்டும் போலிருந்தது.

இரண்டு மாதம் கழித்து அனுமதி வந்தது, நிபந்தனைகளோடு. எதற்கான அறை என்று தெரியாதபடி கதவில் 'ஆயத்த அறை' என்று பலகை மாட்ட வேண்டும். எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். தேவைப்படுவோர் அலுவலகத்தில் பெயர், முகவரி, பயன்படுத்தும் நேரம் எழுதிக் கொடுத்துச் சாவி வாங்கிக்கொள்ளலாம். அழுவதற்கு விண்ணப்பம்! மூன்று கடிதம் எழுதினேன். மேலான கருத்துக்கு நன்றி என்று மூன்று பதில் வந்தது.

கட்டி முடித்துத் திறப்பு விழா நடந்த அன்று காலையிலேயே ஸ்க்ரூடிரைவரோடு போனேன். தோகாஷி பார்த்தார். கதவு ஆடாதபடி பிடித்துக்கொண்டார். பூட்டைக் கழற்றி, ஓட்டையில் மரக்கட்டை வைத்து அடைத்தோம்.

ரிப்பன் வெட்டியபின் சுற்றிப் பார்க்க வந்த இகராஷி கதவைத் தொட்டார். திறந்துகொண்டது.

"பூட்டு எங்க?"

"என் பைல."

"அது நகராட்சிச் சொத்து."

"எடுத்துக்கங்க." நான்கு திருகாணியோடு அவர் கையில் வைத்தேன். "மறுபடி மாட்டினா மறுபடி கழட்டுவேன். போலீஸக் கூப்பிடுங்க. பத்திரிகைக்காரங்க கூடத்துலதான் நிக்கிறாங்க, அவங்களையும் கூப்பிடுங்க."

அவர் கூடத்தைப் பார்த்தார். பூட்டைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தார்.

அடுத்து எனக்கு வரவேண்டிய நூலகக் கட்டட வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் யாரும் சொல்லவில்லை. பூட்டைக் கழற்ற உதவியதற்காகத் தோகாஷியிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கினார்கள்.

பிப்ரவரியில் அவர் போன் செய்தார்.

"இன்னிக்கு மூணு பேர் உள்ள போனாங்க மேடம். ஒருத்தர் சுவர உதைச்சிருக்காரு. பூச்சு பேந்து கிடக்கு. ரிப்பேருக்கு எழுதிப் போடச் சொல்றாங்க."

"போடாதீங்க," என்றேன். "இன்னும் நல்லாப் பேந்து விழட்டும்."