ஓடாத சைக்கிளுக்கு ஒரு ரிப்பேர்

நெஞ்சைத் திறந்து தைத்த ஏழாவது வாரம், சைக்கிள் கடைக்காரர் ஒரு புது சைக்கிளை முழு விலை கொடுத்து வாங்கப் போனார். அதுவும் இருந்த இடத்தைவிட்டு நகராத சைக்கிள்.

முப்பத்தோரு வருஷமாக சைக்கிள் ரிப்பேர் பார்க்கிறவர். தெருவில் அவருக்கு 'கோட்டம்' என்று பெயர். சக்கரத்தில் நூலளவு கோணல் இருந்தால் போதும், எதிர்ப்பக்கம் போகிற ஆளைக் கைதட்டி நிறுத்தி, "கோட்டம் இருக்கு, எடுத்துட்டுப் போ" என்பார். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கெஞ்சினாலும் விடமாட்டார். காசு வாங்காமலாவது அதை நேராக்கி அனுப்பினால்தான் அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

அப்படிப்பட்ட மனுஷரை வீட்டிலேயே உட்கார வைத்துவிட்டார் டாக்டர். உடற்பயிற்சி சைக்கிள் ஒன்று வாங்கிப்போட்டு தினமும் இருபது நிமிஷம் மிதிக்க வேண்டும். மிதிக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான அளவு என்று தாளில் எழுதியே கொடுத்தார். ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் சோதனை. அங்கே இருக்கிற சைக்கிளில் எட்டு நிமிஷம் தாக்குப்பிடித்தால் கடைக்குப் போகலாம், இல்லையென்றால் வீடுதான்.

கடையை இப்போது மச்சான் பார்த்துக்கொள்கிறான், மனைவியின் தம்பி. அதற்கு முன்னால் கூட்டங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். ஆடுகிற நாற்காலிக்குக் காலடியில் அட்டையை மடித்து வைத்த பழக்கத்தில், ஆடுகிற சக்கரத்தோடு யார் வந்தாலும் "ஓட ஓடச் சரியாயிடும்" என்று அனுப்பிவிடுகிறானாம். இதைக் கேட்டதிலிருந்து கடைக்காரருக்கு நெஞ்சைவிட வயிறுதான் அதிகம் எரிந்தது. வழக்கமாக வருகிறவர்கள் ஒவ்வொருவராக அடுத்த தெருக் கடைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இன்னும் நாளானால் திரும்பிப் போவதற்குக் கடை இருக்கும், வருவதற்கு ஆள் இருக்காது.

விற்பனை நிலையத்தில் வரிசையாகப் பத்து சைக்கிள்கள் நின்றன. கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர் ஒவ்வொன்றின் பெருமையையும் சொல்ல ஆரம்பித்தார். கடைக்காரர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"தலைகீழா நிறுத்துங்க."

"எதை சார்?"

"சைக்கிளத்தான். சுத்திப் பாக்காம எப்படி வாங்குறது? நான் அஞ்சு கிலோவுக்கு மேல தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, இல்லன்னா நானே நிறுத்திருவேன்."

இரண்டு பேர் சேர்ந்து அதைப் புரட்டுவதற்குள் விற்பனையாளரின் கழுத்துப்பட்டை முதுகுப்பக்கம் போய்விட்டது. நாலாவது சைக்கிளைப் புரட்டும்போது மனைவி குறுக்கே வந்து, "இதுவே நல்லாயிருக்கு" என்று பணத்தைக் கட்டிவிட்டார். அவர் தையல்காரர். எந்தத் துணியை எப்போது வெட்டுவது என்று தெரிந்தவர்.

முன்னறையில், மனைவியின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சைக்கிள் வந்து நின்றது. மறுநாள் காலையில் கடைக்காரர் ஏறி உட்கார்ந்து மிதித்தார். முதல் நிமிஷம் சரி. இரண்டாவது நிமிஷம் கால் கனத்தது. மூன்றாவது நிமிஷம் சட்டென்று காலை எடுத்துவிட்டு இறங்கி, குனிந்து சக்கரத்தில் காதை வைத்தார். முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. சக்கரம் உரசுது."

"புதுசு வாங்கி ஒரு நாள்கூட ஆகல."

"புதுசுன்னா என்ன? மாட்டத் தெரியாதவன் மாட்டிருக்கான்."

பெட்டியிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். மூடியைக் கழற்றினால், உள்ளே கனமான இரும்புச் சக்கரத்தின்மேல் ஒரு கம்பளிக் கட்டை அழுந்திக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி அலமாரிமேல் வைத்தார். கிரீஸ் போட்டார், கோட்டம் பார்த்தார். ஏழு வாரத்தில் அன்றைக்குத்தான் அவர் முகத்தில் களை வந்தது. சாயங்காலம் ஒரு மிதி மிதித்துவிட்டுக் காலை எடுத்தார். மனைவி ஒரு சட்டைக் கைக்கு ஓரம் அடித்து முடிக்கிறவரை சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. இருபது நிமிஷம் ஒரு மணி நேரமானது. மிதித்துக்கொண்டே பேப்பர் படித்தார், கணுக்காலை மட்டும் ஆட்டிக்கொண்டு போனில் மச்சானை விரட்டினார்.

"நேத்து நாப்பத்திரண்டு கிலோமீட்டர்டா."

"கேக்கவே எனக்கு மூச்சு வாங்குது மாமா."

"உனக்கு வாங்கத்தான் செய்யும். அந்தப் பச்சை சைக்கிளுக்குக் கோட்டம் எடுத்தியா?"

"ஓட ஓட..."

போனை வைத்துவிட்டு அந்தக் கோபத்தில் இன்னும் ஆறு கிலோமீட்டர் போனார்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, தங்கள் வீட்டு ஆண்களைத் திட்டிக்கொண்டே திரும்பினார்கள். ஒரு நாள் கடைக்காரர் பல்லவி, சரணம் என்று ஒரு முழுப் பாட்டையும் இழுத்து இழுத்துப் பாடினார். மனைவி மிஷினை நிறுத்தினார்.

"பாட முடியக் கூடாதுன்னு எழுதியிருக்கே."

"அது சாதாரண ஆளுங்களுக்கு."

மனைவி ஊசியில் நூல் கோக்கிறவர்போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

சைக்கிள் வாங்கிய ஆறாவது வாரம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கடைக்காரர் கடைச் சாவியையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து நேராகக் கடைதான், மச்சானுக்கு விடுதலை என்று ஏற்பாடு. சோதனை அறையில் பயிற்சி கொடுக்கிற இளம்பெண் அவர் மார்பில் ஒயர்களை ஒட்டி, சைக்கிளில் உட்கார வைத்தாள். கடைக்காரர் ராஜாமாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒன்றரை நிமிஷத்தில் கூன் விழுந்தது. இரண்டாவது நிமிஷம் வியர்த்தது. மூன்றாவது நிமிஷம் நிறுத்திவிட்டார்.

"என்ன சார், நெஞ்சு வலிக்குதா?"

"நெஞ்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. உங்க சைக்கிள்தான் ரிப்பேர்."

"ரிப்பேரா?"

"சக்கரம் உரசுதும்மா. இப்படி ஒரு வண்டிய வச்சுக்கிட்டு எத்தனை பேரு உயிர வாங்குறீங்க? அஞ்சு நிமிஷ வேலை. ஒயர மட்டும் கழட்டுங்க." பேசிக்கொண்டே கால்சட்டைப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார்.

அவள் ஸ்பேனரைப் பார்த்தாள். மனைவியைப் பார்த்தாள். மனைவி கூரையைப் பார்த்தார்.

"வீட்டுல இருக்கிற சைக்கிளையும் இப்படித்தான் சரி பண்ணீங்களா சார்?"

"பின்ன? வாங்கின மறுநாளே."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் மரியாதையில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டு டாக்டரைக் கூட்டிவரப் போனாள். டாக்டருக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஆறு வாரம்" என்று எழுதினார். மிதிக்கக் கனமாக இருந்தால்தான் நெஞ்சுக்குப் பயிற்சி, உரசுவதற்காகத்தான் அந்தக் கட்டையை வைத்திருக்கிறார்கள் என்று நிதானமாக விளக்கமும் சொன்னார். கடைக்காரர் தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மதியமாகியிருந்தது. மனைவி அலமாரிமேலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் மூடியைக் கழற்றிக் கட்டையை மாட்டினார். நேராக ஓடுகிற சக்கரத்தைத் தன் கையாலேயே இழுத்துப் பிடிக்கிற வேலையை அவர் அதுவரை செய்ததில்லை.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார் மனைவி.

"ம்."

"முப்பத்தோரு வருஷமா இதே தொழில். அந்தக் கட்டை எதுக்கு இருக்குன்னு பாத்த உடனே உங்களுக்குத் தெரியாதா?"

கடைக்காரர் திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தார். அது எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"தெரியும்" என்றார்.

மனைவி அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கிக் கீழே வைத்தார்.

"முதல் நாள் மிதிச்சேனே, மூணாவது நிமிஷம் நெஞ்சு அடிச்சுது. திம்திம்முன்னு. அன்னிக்குக் கடையில விழறதுக்கு முன்னாடியும் இப்படித்தான் அடிச்சுது. திரும்பவும் விழுந்துருவேன்னு நெனச்சேன். அத உன்கிட்ட எப்படிச் சொல்றது? சக்கரம் உரசுதுன்னு சொல்லிட்டேன். சொல்லச் சொல்ல எனக்கே அது நெஜமாயிருச்சு. எனக்குப் பயமா இருக்கு."

முப்பத்தோரு வருஷத்தில் எந்தச் சைக்கிளுக்கும் அவர் பொய்யாகக் கோளாறு சொன்னதில்லை. முதல்முதலாகச் சொன்னது தன்னுடைய சைக்கிளுக்குத்தான். அதை நினைத்து அவருக்கு வெட்கமாக இருந்தது. மனைவிக்கு அவர்மேல் ஆறு வாரமாகச் சேர்த்து வைத்த கோபம் இருந்தது. பாட்டுப் பாடிய அன்றே அதைக் கொட்டியிருக்க வேண்டும். இப்போது அது வேண்டியிருக்கவில்லை.

"ஏறுங்க" என்றார்.

அவர் ஏறினார். மனைவி தையல் மிஷின் முன்னால் இருந்த முக்காலியை இழுத்து வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். முதல் நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷம் கால் கனத்தது. மூன்றாவது நிமிஷம் அவர் முகம் வெளுத்தது, கால் தயங்கியது. மனைவி எழுந்து அவர் முதுகில் உள்ளங்கையை வைத்தார்.

"அடிக்குதா?"

"அடிக்குது."

"அடிக்கட்டும். அடிக்கணும்னுதானே அறுத்துத் தச்சிருக்காங்க. மிதிங்க."

அவர் மிதித்தார். மனைவி கையை எடுக்கவில்லை.