லாரிக்காரர் காட்டாத காடு

லாரியின் இஞ்சினைக் கழற்றிப் பட்டறைத் தரையில் பரப்பிவிட்டு, "பத்து நாளைக்கு இந்தப் பக்கமே வராதீங்க" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். லாரிக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்ட அவர் மனைவிக்கோ தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் சேர்ந்தாற்போல் ஐந்து நாள் அவர் வீட்டில் இருந்ததில்லை.

"நானும் லீவு போட்டுடறேன். எங்கயாவது போவோம்" என்றாள்.

"எங்க?"

"எங்கயா? பாத்துக்கிட்டே இருங்க!"

அதற்கு அவள் வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த பயண ஏற்பாட்டு அலுவலகத்தில், வாசலை ஒட்டிய மேசையில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள் அவள். தேனிலவுக்காரர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள், சண்டை போட்டுக்கொண்டே வரும் குடும்பங்கள், எல்லோருக்கும் பயணத் திட்டம் எழுதிக் கொடுப்பது அவள்தான். எந்த ரயில் எந்தச் சந்திப்பில் எத்தனை நிமிஷம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அதனாலேயே லாரிக்காரர் அவளுக்கு வைத்த பெயர் 'அட்டவணை'. கொஞ்சினாலும் அட்டவணைதான், கோபித்தாலும் அட்டவணைதான்.

அன்று சாயங்காலமே சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் தேசப் படத்தை விரித்தாள். படம் மேசையில் அடங்கவில்லை. வடக்கு மலைகள் ஒரு பக்கம் தொங்கின, தெற்குக் கடற்கரை இன்னொரு பக்கம் தொங்கியது. ஒரு கோடியில் பனி கொட்டும்போது இன்னொரு கோடியில் சட்டையைக் கழற்றிப் போட்டு விசிறிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவு பெரிய தேசம்.

"காலைல ஆறு பத்துக்கு ரயில். தலைநகரத்துல ரெண்டு நாள். அரண்மனை, அருங்காட்சியகம், பூங்கா. அப்புறம் துறைமுக நகரம்…"

"தலைநகரமா? எட்டு மணிக்கு மேல சுத்துச்சாலைல வண்டி நகராதும்மா."

"நாம ரயில்ல போறோம்."

"துறைமுக நகரத்துல ஒரே புழுதி. சிமெண்டு இறக்கப் போனா மூக்கெல்லாம் வெள்ளையாயிடும்."

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "ஏங்க, நீங்க பாத்ததெல்லாம் கோடவுனு. நான் சொல்றது ஊரு."

"ஊருக்குள்ள பகல்ல லாரிய விடமாட்டாங்களே" என்றார் அவர். "நான் எங்க போய்ப் பாக்கறது?"

குறையாக எல்லாம் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதுபோலத்தான் சொன்னார். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. தேசத்தின் அத்தனை நகரங்களையும் வெளியிலிருந்தே சுற்றி வந்திருக்கிறார் மனிதர், ஒன்றுக்குள்ளும் காலாற நடந்ததில்லை. துறைமுக நகரத்துக்கு நேராக இரண்டு நாள் என்று எழுதி, அழுத்தமாகக் கோடு போட்டாள்.

"அஞ்சாம் நாள் காடு" என்றாள். "ஆத்தோரமா மூணு நாள்…"

"காடு மட்டும் வேண்டாம்."

"ஏன்?"

"கொசு."

"எங்கதான் கொசு இல்ல?"

"ரோடு சரியில்ல. இந்த மாசத்துல மூடினாலும் மூடிடுவாங்க" என்று மழுப்பிவிட்டு, தட்டைக் கழுவப் போய்விட்டார். இரண்டு நாள் காய்ந்துபோன தட்டைப்போல அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் பொய் சொன்னால் கை வேலையில் இறங்கிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டமில்லை. முதல் வேலையாகக் வனத்துறையின் தங்கும் விடுதிக்குப் போன் போட்டாள். இடமில்லை. பெரிய ஓட்டல்களிலும் இல்லை. கடைசியில் பழைய குறிப்பேட்டைப் புரட்டி, காட்டுச் சாலையோரத்தில் நான்கே அறைகள் கொண்ட ஒரு விடுதியைப் பிடித்தாள். அங்கே இதுவரை ஒருத்தரையும் அவள் அனுப்பியதில்லை. எடுத்தது ஒரு பெண் குரல்.

"ரூம் இருக்கும்மா. ரெண்டு பேரா? எப்படி வர்றீங்க? வழி தெரியுமா?"

"எங்க வீட்டுக்காரர் லாரி ஓட்டறவருங்க. அவருக்கு அந்த வழியெல்லாம் தெரியும்."

மறுமுனைக் குரலில் ஆவல் ஏறியது.

"எந்த ஊர்லேருந்து பேசறீங்க?"

சொன்னாள்.

"பச்சை லாரியா? கண்ணாடிக்கு மேல வெள்ளைக் கோடு போட்டது?"

"ஆமாங்க…"

"அய்யோ, நீங்கதான் அட்டவணையா!" என்று அந்த விடுதிக்கார அம்மாள் போட்ட கூச்சல் முதலாளியின் அறைவரை கேட்டிருக்கும்.

வீட்டு நாலு சுவருக்குள் மட்டும் புழங்கும் பெயர் என்றல்லவா அவள் நினைத்திருந்தாள்! அந்த அம்மாளோ பிடித்துக்கொண்டாள், விடவில்லை. லாரிக்காரர் பதினெட்டு வருஷமாக மாதம் இரண்டு தடவை அங்கே நிறுத்துகிறாராம். குளித்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புவாராம். பின்பக்க அறையின் ஜன்னலைத் திறந்தால் நேரே ஆறு. மான்கள் தண்ணீர் குடிக்க அங்கேதான் இறங்குமாம்.

"ஒவ்வொரு வருஷமும், அடுத்த வருஷம் அட்டவணையக் கூட்டிட்டு வர்றேம்பாரு. அந்த ஜன்னல் இறுகிப்போய்த் திறக்கவே வராது. போன வருஷம் கீலு, கண்ணாடி எல்லாம் லாரியிலேயே வச்சு எடுத்துட்டு வந்து, இங்கயே ஒக்காந்து மாட்டிட்டுப் போனாரும்மா. கண்ணாடி உடையாம இருக்க வைக்கோல் சுத்திக் கொண்டாந்தாரு. அவர் சொல்லலையா?"

"சொல்லலைங்க" என்றாள் அவள்.

அறையைப் பேசி முடித்துவிட்டுப் போனை வைத்தாள். அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. கிழக்கே போகிற ஒருவருக்கு மேற்கே போகிற ரயிலை எழுதிக் கொடுத்து, அவர் படி இறங்குவதற்குள் ஓடிப்போய்த் திருப்பி வாங்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது லாரிக்காரர் வாசலில் அவளுடைய செருப்பைத் தைத்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தாள்.

"பின்பக்க ரூம பேசிட்டேன்."

ஊசி நின்றது. "எந்தப் பின்பக்க ரூமு?"

"வைக்கோல் சுத்திக் கண்ணாடி கொண்டுபோனீங்களே, அந்த ரூமு."

அவர் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதுமடல் சிவந்துவிட்டது.

"ஊரு பூரா என்னைப் பத்திப் பேசத் தெரியுது. என்கிட்ட வாயத் திறக்க முடியலையா?"

"இல்லம்மா…" என்று மென்று முழுங்கினார். "நீ பெரிய பெரிய ஓட்டல்ல ஆளுங்களத் தங்க வைக்கிறவ. அங்க சுடுதண்ணி வேணும்னா வாளியத் தூக்கிட்டு மாடி ஏறணும். மெத்தை நடுவுல பள்ளம். உனக்குப் பிடிக்கலன்னாலும் எனக்காக நல்லாருக்குன்னுதான் சொல்லுவ. அது எனக்குத் தெரிஞ்சுபோயிடும். அப்புறம் அந்த இடத்துல லாரிய நிறுத்தவே மனசு வராது."

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை அவள் சொன்னாள்.

"நான் எந்தப் பெரிய ஓட்டலைக் கண்டேன்? வர்றவங்க எல்லாம், 'நீங்க போயிருக்கீங்களா, நல்லாருக்குமா'ன்னு கேப்பாங்க. 'போன வருஷம்தான் போனேன், பிரமாதம்'னு சொல்லுவேன். இருபத்திரண்டு வருஷமா வாய் கூசாமச் சொல்றேன். ரயில்ல மூணு மணி நேரத்துக்கு மேல நான் ஒக்காந்ததே கிடையாது."

லாரிக்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அடி கள்ளி!" என்றார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்னவோ ஏதோவென்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்புறம் திட்டம் மளமளவென்று முடிந்தது. தலைநகரத்தை அவளே அடித்துவிட்டாள். துறைமுக நகரத்தில் மூன்று நாள், காட்டில் நான்கு நாள், மிச்சம் போகவர. நேரம் எழுதாத திட்டம் ஒன்றை அவள் போட்டது அதுதான் முதல் தடவை.

"துறைமுகத்துல ஒண்ணு பாக்கணும்" என்றார் அவர் தயங்கித் தயங்கி. "ஊருக்குள்ள எங்கயோ ஒரு மணிக்கூண்டு இருக்கு. வெளில லாரிய நிறுத்திட்டுக் காத்திருக்கும்போது அடிக்கும். எப்படி இருக்கும்னு பாக்கணும்."

போய்ப் பார்த்தார்கள். மணிக்கூண்டைச் சுற்றிச் சாரம் கட்டி, உச்சிவரை தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். "பாரு, எனக்குன்னு வந்தா இப்படித்தான்" என்றார். ஆனால் மணி அடித்தது. தலைக்கு மேலே அவ்வளவு பக்கத்தில் அடித்ததில் இருவரும் துள்ளிவிட்டார்கள். மூன்று நாளும் அவர் அவளைத் தெருத்தெருவாக இழுத்துக்கொண்டு நடந்தார். கடைகளின் முன்பக்கத்தை அவர் பார்ப்பது அப்போதுதான். "இங்கதான் நான் இறக்கின டைல்ஸு!" என்று ஒரு துணிக்கடையின் தரையைக் காட்டி, கடைக்காரரிடமே பெருமை பேசினார்.

காட்டு விடுதியில் விடுதிக்கார அம்மாள் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மெத்தையில் பள்ளம் இருந்தது. வாளியும் கனத்தது. ஜன்னல் மட்டும் ஒரு விரலால் தள்ளினால் திறந்தது. ஆறு கண்ணெதிரே கிடந்தது, ஆனால் மான் ஒன்றுகூட வரவில்லை. முதல் நாளும் இல்லை, இரண்டாம் நாளும் இல்லை. தன் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு உப்பில்லாத சாப்பாடு போட்டவரைப்போல லாரிக்காரர் தவித்தார். ஜன்னலை விட்டு நகராமல் கண் பூத்துப்போகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் படுத்தவர், பதினெட்டு வருஷத் தூக்கத்தையும் சேர்த்து அந்தப் பள்ளத்தில் தூங்கினார்.

விழித்தபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. அவள் ஜன்னலோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துச்சு" என்றாள்.

"என்னது?"

"மானு. பதினொண்ணு. அதுல ஒண்ணு குட்டி. தண்ணிக்குள்ள கால வைக்கப் பயந்து அம்மா வயித்துக்கடியில போய் நின்னுக்கிச்சு."

"அடிப் பாவி, எழுப்பறதுக்கென்ன?"

"ரெண்டு தடவ எழுப்பினேன். 'லோடு நாளைக்குத்தான்'னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டீங்க."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்தப் பக்கமிருந்து இறங்கின? பெரியது முன்னால் வந்ததா, பின்னால் வந்ததா? எவ்வளவு நேரம் நின்றன? அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கொம்பு எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு கையையும் தலைக்கு மேலே விரித்துக் காட்டினாள்.

"பிடிச்சிருந்துச்சா?" என்று கேட்டார் கடைசியில்.

"மெத்தைதான் சரியில்ல" என்றாள் அவள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு தடதடவென்று படியிறங்கினார். கீழே சமையலறையில் விடுதிக்கார அம்மாளிடம் அவர் உரக்கச் சொல்வது மாடிவரை கேட்டது:

"பதினொண்ணும்மா! ஒண்ணு குட்டி! தண்ணியக் கண்டு பயந்து எப்படி நின்னுச்சுங்கறீங்க!"