நூல் கேட்டுப் போனவன்

எர்காஷின் வீட்டில் காலையிலிருந்து குழந்தையின் அழுகை ஓயவில்லை. பிறந்து நாற்பது நாள் ஆகாத ஆண் குழந்தை. மரத்தொட்டிலில் இறுக்கக் கட்டிப் போட்டும் துடித்தது. தாய் மவ்லூதா கட்டை அவிழ்த்துப் பார்த்தாள். தொடை இடுக்கில் அக்ரூட் அளவுக்குக் கெட்டியாக ஒரு வீக்கம். சற்று நேரத்தில் பச்சையாக வாந்தி வந்தது.

“தொட்டில்ல மூத்திரம் வடியறதுக்கு வெக்கிற மரக்குழாயைச் சரியா வெக்கத் தெரியல. அதான் உரசி வீங்கியிருக்கு,” என்றாள் எர்காஷின் அக்கா சொலிஹா.

“நீங்க வெச்சதுதானே அண்ணி.”

உடனே சொலிஹாவின் சந்தேகம் வேறு வாசலுக்குத் தாவியது. நாற்பது நாள் கழியாத வீட்டுக்கு வெளியாள் வரக் கூடாது. பக்கத்து வீட்டுக் கும்ரி மட்டும் ரொட்டி கொடுக்கிற சாக்கில் வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தாளே? பிள்ளையில்லாதவள் வேறு.

“அவ கண்ணுதான் பட்டிருக்கு. அவ உடுப்புல ஒரு நூல் வாங்கிட்டு வா தம்பி. எரிச்சுப் புகை காட்டினா வடிஞ்சிடும்.”

“ஆஸ்பத்திரிக்குப் போயிடலாங்க,” என்று மவ்லூதா கெஞ்சினாள்.

“அங்க கத்தியைத்தான் எடுப்பாங்க. அந்த இடத்துல கத்தி வெச்சா நாளைக்கு வம்சம் என்னாகும்?”

எர்காஷுக்கு இப்போது எல்லார் மேலும் சந்தேகம். கடைசியில் கும்ரியின் கதவைத்தான் தட்டினான்.

அவன் பார்வை தன் உடுப்பின் ஓரத்தில் நிற்பதைக் கண்டதுமே கும்ரிக்குப் புரிந்துவிட்டது. “நூல்தானே, பிச்சுக்கோ. புள்ளைக்கு எங்க நோவு?”

சொன்னான். அவள் முகம் வெளுத்தது.

“என் மகனுக்கும் அதே இடம். நாங்களும் கண்ணு வெச்சது யாருன்னு தேடினோம். நூல் வாங்கி எரிச்சோம். பொழுது சாயறதுக்குள்ள போயிட்டான்.”

“யார்கிட்ட வாங்கினீங்க?”

“உன் அக்காகிட்ட.”

எர்காஷ் நூலைக் கேட்கவில்லை. வீட்டுக்கு ஓடிக் குழந்தையை வாரி எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்து மருத்துவர் வெளியே வந்தார். “குடல் இறங்கி மாட்டியிருந்துச்சு. உள்ள தள்ளித் தைச்சாச்சு. விதைக்கும் ரத்த ஓட்டம் திரும்பிடுச்சு. இன்னும் தாமதிச்சிருந்தா ரெண்டும் அழுகியிருக்கும்.”

மவ்லூதா தரையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“இருந்தாலும் யாரோ கண்ணு வெக்காம இப்படி ஆகுமா?” என்று சொலிஹா முணுமுணுத்தாள்.

“அன்னைக்கு கும்ரி புள்ளைக்காக உன்கிட்ட நூல் வாங்கினாங்களேக்கா, நீ கண்ணு வெச்சியா?” என்றான் எர்காஷ்.

சொலிஹா மவ்லூதாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

“பச்சைப் புள்ளைக்குத் தொடை இடுக்கு வீங்கினா, பச்சையா வாந்தி எடுத்தா, ஆஸ்பத்திரிக்கு ஓடணும். நாம ஆளைத் தேடிக்கிட்டு நின்ன நேரம்தான்க்கா புள்ளையைக் கொல்லப் பாத்துச்சு.”