வெர்லீனின் சீட்டு

எங்கள் மலையில் வசந்தத்தில் காட்டு வான்கோழி சுட ஆளுக்கொரு அனுமதிச் சீட்டு வாங்கி, சுட்ட பறவையின் காலில் அதைக் கட்ட வேண்டும். அவரவர் சீட்டுக்கு அவரவரேதான் சுட வேண்டும், அதுவும் சேவலுக்கு இருப்பதுபோல் நெஞ்சில் தாடி மாதிரி முடிக்கற்றை தொங்குகிற பறவையை மட்டும். என் சீட்டு முதல் வாரமே தீர்ந்துவிட்டது. மிச்சமிருந்தது என் மனைவி வெர்லீனுடையது.

பனிக்காலத்தில் அவளுக்கு வாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இந்த வருஷம் வேட்டை வேண்டாம் என்று டாக்டர்கூடச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாப்பிட வந்த அவள் தம்பி டாயல் என்னிடம், "மச்சான், நீயே சுட்டுட்டு அக்கா சீட்டக் கட்டிவிடு. வான்கோழியா வந்து சாட்சி சொல்லப் போவுது?" என்றான். வெர்லீன் அவன் தட்டிலிருந்த சோள ரொட்டியை எடுத்து நாய்க்குப் போட்டாள்.

மர மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு அவளோடு போனேன். துப்பாக்கி அவளுடையது மட்டும். நான் கையடக்க மரப்பெட்டியின் மூடியை உரசி, பெட்டை வான்கோழி கூப்பிடுகிற மாதிரி குரல் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் சேவல் வந்தது, முன்னால் ஒரு நிஜப் பெட்டை. பெட்டை விலகும்வரை அவள் காத்திருந்தாள். கவட்டைக் கம்பில் குழலைச் சாய்த்து, இடது கையால் சுட்டாள். சேவல் விழுந்தது.

அதோடு முடியவில்லை. பறவையை நகர்த்துவதற்கு முன்னால் சீட்டின் ஓரத்தில் அச்சடித்திருக்கிற மாசங்களிலும் தேதிகளிலும் அன்றைக்கு உரியதை வெட்டி எடுக்க வேண்டும். ஒற்றைக் கையில் கத்தி பிடித்தால் காகிதம் முழங்காலில் நிற்கவில்லை. நான் கை நீட்டினேன், முறைத்தாள். கையைப் பையில் விட்டுக்கொண்டேன். சீட்டு மறுபடியும் சருகில் விழுந்தபோது அவள் உதடு கோணியது. அது வாதத்தால் கோணியது இல்லை என்று எனக்குத் தெரியும்.

"க்ளெல், கையக் கொடு" என்றாள்.

கத்தியை வாங்கப் போனேன்.

"கத்திக்கு இல்லடா. காகிதத்துக்கு அடியில வை. மரம் தூக்கித் தூக்கிக் கையப் பலகையாத்தான ஆக்கி வெச்சிருக்க."

உள்ளங்கையை விரித்தேன். மாசம் சுலபமாக வெட்டுப்பட்டது. தேதியை வெட்டும்போது கத்தி முனை என் உள்ளங்கைக்குள் இறங்கிவிட்டது.

"குத்திருச்சா?"

"இல்ல."

வெட்டிய துணுக்கு ஈரத்தில் என் கையோடு ஒட்டிக்கொண்டது. அவள் குனிந்து அதை ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சரி, சேவலத் தூக்கு. கனமா இருக்கும்" என்றாள்.