பொதுச்சுவருக்கு அந்தப் பக்கம்

சௌந்தர்யா போனில் அழுதிருந்தால்கூட சோபனாவுக்கு இவ்வளவு வலித்திருக்காது. நிதானமாகச் சொன்னாள்: "அம்மா, பிரசவத்துக்கு நான் அங்க வரல. போன தடவ ரெண்டு நாள் இருந்ததுக்கே கைகாலெல்லாம் தடிச்சுப் போச்சு. பச்சக் கொழந்தைய அங்க எப்படிப் படுக்க வெக்கறது?"

அவளுக்கு ஏழு மாதம் முடிந்திருந்தது.

சோபனா ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறாள். ஒரு வருடமாக மூட்டைப்பூச்சியோடு போராட்டம். மெத்தையை மொட்டை மாடியில் காய வைத்தாள். கட்டில் சட்டங்களில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினாள். இரண்டு முறை ஆள் வைத்து மருந்தும் அடித்தாயிற்று. பத்து நாள் அடங்கும். பிறகு தலையணை உறையில் மறுபடி கருப்புப் புள்ளிகள். வேலைக்குக் கிளம்பும்போது துப்பட்டாவை மூன்று முறை உதறாமல் வாசல் தாண்டமாட்டாள்.

வீட்டைச் சூடேற்றிப் பூச்சியைக் கொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ராணிப்பேட்டையிலிருந்து வசந்த் என்பவனை வரவழைத்தாள்.

"மருந்துக்கு முட்ட சாகாதுக்கா, சூட்டுக்குச் சாகும். நாலஞ்சு மணி நேரம் வீடு வேகணும்," என்றபடி அவன் டார்ச் அடித்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தான். படுக்கையறைச் சுவரில் ஸ்விட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றி, உள்ளே பூச்சிகளைக் கண்டதும் நின்றுவிட்டான். "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் யாரு?"

"ரஃபத் அக்கா வூடு. பொதுச்சுவரு."

"அப்ப அவங்க வீட்டயும் சேத்துப் பண்ணணும். இங்க மட்டும் சூடு வெச்சா, ஒயர் போற ஓட்ட வழியா அங்க ஓடிடும். ஆறினதும் திரும்பி வந்துடும்."

ரஃபத் ஜஹான் தினமும் இரண்டு வேளை வீடு துடைக்கிறவள். மகன் தபரேஸுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய் இதைச் சொல்வதா?

சாயந்திரம் சோபனா சொல்லித்தான் பார்த்தாள். ரஃபத் பாதிக் கதவைத் திறந்தபடி நின்றாள். "எங்க வூட்ல அதெல்லாம் இல்ல சோபனா. நான் எவ்ளோ சுத்தமா வெச்சிருக்கேன், ஒனக்குத் தெரியாதா?"

கதவு மூடிக்கொண்டது. ஆனால் மூடுவதற்குள் அவள் மணிக்கட்டை சோபனா பார்த்துவிட்டாள். வளையலுக்கு மேலே வரிசையாக மூன்று தடிப்புகள்.

மறுநாள் காலை மறுபடி போனாள். இந்த முறை பேசுவதற்கு முன் சுடிதார் கையை மடித்துத் தடிப்புகளைக் காட்டினாள்.

"இதப் பாருங்கக்கா. ஒரு வருஷமா மறைச்சு மறைச்சு பேஜாராப் போச்சு. எங்க வூட்லேர்ந்துதான் ஒங்களுக்கு வந்திருக்கும். தப்பு எம்மேலயே இருக்கட்டும்."

ரஃபத் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தாள். "ஒன் வூட்லேர்ந்துன்னு நீ எப்படிச் சொல்ற? பக்ரீத்துக்கு முன்னாடி தபரேஸ் ஒரு பழைய சோபா வாங்கியாந்தான். அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல." குரலைத் தாழ்த்தினாள். "ஞாயித்துக்கிழம பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. தெரிஞ்சா இன்னா நெனப்பாங்க?"

"அந்த சோபால ஒக்காந்து கடி வாங்கினா இன்னா நெனப்பாங்க?"

ரஃபத் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கதவை முழுசாகத் திறந்தாள்.

வெள்ளிக்கிழமை சோபனா லீவு போட்டாள். இரண்டு பேரும் சேர்ந்தே இரண்டு வீட்டையும் தயார் செய்தார்கள். வசந்த் சொன்னபடி கேஸ் சிலிண்டர், மாத்திரைகள், மெழுகுவர்த்தி, அத்தர் பாட்டில் எல்லாம் வெளியே போயின. ஃப்ரிட்ஜைக் காலி செய்தார்கள். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, பீரோக்களைத் திறந்து, அடுக்கியிருந்த துணிகளைக் காற்றுப் புகும்படி தளர்த்திப் போட்டார்கள். ரஃபத் பட்டுப்புடவைகளை மட்டும் தங்கை வீட்டில் கொடுத்து வைக்கப் பார்த்தாள்.

"வேணாங்கா! அதுங்களும் கூடவே ஒங்க தங்கச்சி வூட்டுக்குப் போய்டும்," என்று சோபனா பையைப் பிடுங்கி உள்ளே வைத்தாள்.

சனிக்கிழமை காலை வண்டி வந்தது. சூட்டுக் காற்றுக்கான தடித்த குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விடுவதைப் பார்க்கத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு சுப்பராயன் கேட்டார்: "இன்னாம்மா, ரெண்டு வூட்டுக்கும் ஏசி மாட்றீங்களா?"

என்ன பொய் சொல்லலாம் என்று சோபனா யோசிப்பதற்குள் ரஃபத் உரக்கச் சொன்னாள்: "மூட்டப்பூச்சிக்கு! ரெண்டு வூட்லயும் இருக்கு."

சுப்பராயன் வசந்த் பக்கத்தில் போய்க் குனிந்தார். "தம்பி, வேல முடிஞ்சதும் எங்க வூட்டயும் ஒரு எட்டு பாத்துட்டுப் போறியா?" மதியத்துக்குள் இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் அவன் போன் நம்பரை வாங்கிக்கொண்டார்கள்.

அனல் ஆறியதும் உள்ளே போனார்கள். சோபாவின் தையல் மடிப்பில் செத்துக் கிடந்தவற்றை ரஃபத் பழைய பிரஷால் கூட்டித் தள்ளினாள். எண்ணத் தொடங்கி நாற்பதில் விட்டுவிட்டாள். மறுநாள் பெண் வீட்டார் அதே சோபாவில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டு, நிச்சயத்துக்கு நாள் குறித்துக்கொண்டு போனார்கள்.

இரண்டு வாரம் கழித்து வசந்த் வந்து டார்ச் அடித்துப் பார்த்தான். எதுவும் இல்லை. சோபனா மேலும் ஒரு வாரம் பொறுத்திருந்து மகளுக்குப் போன் போட்டாள்.

"நெஜமாவே இல்லியாம்மா?"

"மூணு வாரமா ஒரு கடி இல்ல. படுத்தா ஒடனே தூங்கிப் போய்டறேன்டி."

சௌந்தர்யா சொன்னாள்: "அப்ப புதன்கிழம வர்றேன். அத்தகிட்ட சொல்லிடறேன்."

சோபனா போனை வைத்துவிட்டு, சுவரில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"அக்கா! எம் பொண்ணு வர்றா!"