கதவில் கட்டிய சிவப்பு அட்டை

என் நாத்தனாரின் தள்ளுவண்டியில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டார்கள். எனக்கு வந்ததே கோபம்!

நாங்கள் வேலை செய்வது தண்ணீர்க் குழாய் செய்யும் தொழிற்சாலையில். கூடத்தின் ஒரு கோடியில் குழாய்களைப் பொருத்தும் மேசை, மறுகோடியில் என் தொட்டி. குழாயைத் தண்ணீரில் முக்கிக் காற்றைச் செலுத்துவேன். குமிழி வந்தால் ஒழுகல் என்று ஒதுக்குவேன். மேசையிலிருந்து தொட்டிக்குப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவது அவள் வேலை. பதினோரு வருடமாக வாயைத் திறக்காமல் நடக்கிறாள். தனியாளாக இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அவளுக்கும் சேர்த்து நானே பேசிவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார்.

போன வாரம் ஒரு பயிற்சியாளர் வந்து வகுப்பு எடுத்தார். குழாய் வாங்குகிறவருக்கு உதவாதது எல்லாம் வீண் என்றார். வீண் நடை, வீண் காத்திருப்பு, தேவைக்கு மேல் செய்து குவிப்பது, தப்பாகச் செய்து திரும்பச் செய்வது. பொய் சொல்வானேன், மனிதர் நன்றாகத்தான் சொன்னார். ஆளுக்கொரு சிவப்பு அட்டையும் கொடுத்தார்.

"எது வீண்னு தோணுதோ அதுல கட்டுங்க. யார் வேணும்னாலும் கட்டலாம். காரணம் எழுதணும். அதுக்குப் பதில் எழுதாம யாரும் அவுக்கக் கூடாது."

சனிக்கிழமை காலை மேனேஜர் தன் அட்டையை அவள் வண்டியில் கட்டினார். காரணம்: வீண் நடை, ஒவ்வொரு தடவையும் அறுபத்து நான்கு காலடி. திங்கட்கிழமையிலிருந்து அவள் வர வேண்டாமாம்.

"விடுங்க அண்ணி. அவர் எண்ணினது சரியாத்தானே இருக்கு" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எண்ணினது சரி. ஏன் அறுபத்து நான்கு? அதை எவனாவது கேட்டானா? சாப்பாட்டு நேரத்தில் ஒரு சாக்கட்டியை எடுத்து, அவள் வண்டி போகும் வழி முழுக்கத் தரையில் கோடு போட்டேன். மேசையிலிருந்து நேராகக் கிளம்பிய கோடு மேனேஜரின் கண்ணாடி கேபினில் முட்டியது. அங்கே திரும்பி, அதை ஒரு சுற்றுச் சுற்றித் தொட்டிக்கு வந்தது. எல்லோரையும் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்காணிக்க, கூடத்துக்கு நட்டநடுவில் குறுக்கே நீளமாகக் கட்டிக்கொண்ட கேபின் அது. முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு. அது மட்டும் இல்லையென்றால் பதினெட்டே காலடி.

என் அட்டையில் 'வீண் நடை' என்று எழுதி, கேபின் கதவின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினேன்.

"யாரு வேலை இது?" அட்டைகளைப் பார்க்க வந்திருந்த பயிற்சியாளரோடு வந்த மேனேஜர் கத்தினார்.

"என் வேலைதான் சார்."

"கொழுப்பா?"

"பாடம் சார். யார் வேணும்னாலும் கட்டலாம்னு இவர்தானே சொன்னாரு?"

பயிற்சியாளர் சாக்கோட்டைக் குனிந்து பார்த்தார். அப்புறம் குறிப்பேட்டைத் திறந்தார். மேனேஜர் அதைக் கவனித்துவிட்டுச் சிரித்தார்.

"சரிம்மா, கேபினை எடுத்துடலாம். பதினெட்டு காலடிக்கு ஆள் எதுக்கு? ஒரு சறுக்குப் பலகை போட்டா பெட்டி தானா வரும். அப்பவும் உன் நாத்தனார் வீட்டுக்குத்தான்."

அடிப்பாவி, அவள் வேலைக்கு நானே உலை வைத்துவிட்டேனே!

"தொட்டிகிட்ட எப்பவும் பதினஞ்சு பெட்டி காத்துக்கிட்டு கிடக்கு சார்."

யார் பேசியது என்று திரும்பிப் பார்த்தேன். என் நாத்தனார்!

"கொண்டுவந்து அடுக்குறது நான்தானே, எனக்குத் தெரியாதா? அண்ணி ஒரு ஆளா எத்தனைதான் முக்குவாங்க? அந்தக் காத்திருப்பு வீணில்லையா? ரெண்டாவது ஆளா நான் அங்க நிக்கிறேன்."

"நியாயம்தான்" என்றார் பயிற்சியாளர். "வீணை எடுக்கத்தான் சொன்னேன், ஆளை எடுக்கச் சொல்லலையே. முதலாளிக்கு இப்படித்தான் எழுதப்போறேன்."

மேனேஜர் முகம் கடுகடுத்தது. "கேபினை எடுக்க ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும்?"

அவள் என் பேனாவை வாங்கினாள். தன் வண்டியில் தொங்கிய அட்டையில், காரணத்துக்குக் கீழே பதில் எழுதினாள்: 'நடந்தது நான். சுற்ற வைத்தது கேபின்.' அவிழ்த்தாள். கேபின் கைப்பிடியில், என் அட்டைக்குப் பக்கத்திலேயே கட்டினாள். பிறகு கதவை அகலத் திறந்து வண்டியை உள்ளே தள்ளினாள்.

"அதுவரைக்கும் இப்படித்தான் சார் வருவேன். நாற்காலியைக் கொஞ்சம் நகத்துங்க, பெட்டி இடிக்கும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், பயிற்சியாளரைப் பார்த்தார். நாற்காலியை நகர்த்தினார். அவள் பின்கதவு வழியாக வெளியே வந்து, தொட்டியருகே வண்டியை நிறுத்தினாள். நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். பதினெட்டு.