காலித் தாழி

முதுமக்கள் தாழியிலிருந்து எழுந்துவரும் போர்வீரருக்கு மரியாதை செய்து வீட்டில் இடம் கொடுக்க வேண்டும். அவர் காலி செய்த தாழியில், அந்த வீட்டில் வேலையில்லாமல் இருக்கும் ஒருவரை உட்கார வைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் இதுதான் நடைமுறை.

எங்கள் தாழி, செப்டிக் டேங்குக்குக் குழி எடுத்தபோது கிடைத்தது. தாழிக்காரர் துருப்பிடித்த வாளோடு எழுந்து, புறவாசல் வழியாக வந்து, கைகால் கழுவிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தியது. இருபத்திரண்டு வருஷம் ராணுவத்தில் இருந்துவிட்டு நான் திரும்பியபோதும் போர்த்தினார்கள். என்னுடையதை மடிப்புக் கலையாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். அவர் தன்னுடையதை அன்றைக்கே கரித்துணியாக்கி அடுப்பைத் துடைத்தார்.

இரண்டாயிரத்தைந்நூறு வருஷம் சும்மா கிடந்த மனிதருக்கு இனி ஒரு நிமிஷமும் சும்மா இருக்க முடியவில்லை. வாசல் பெருக்குவது, பாத்திரம், துணி, சமையல் எல்லாவற்றையும் என் மனைவி தவமணியிடமிருந்து வாங்கிக்கொண்டார். வாளைத் தீட்டி மீன் அரிந்தார். சாளையில் ஒரு செதில் மிச்சம் இருக்காது. குறை சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் குறை. பிறகு என் வேலைகளுக்கு வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு ரேஷன் கடைக்குக் கிளம்பினால், அவர் எதிரே சர்க்கரையோடு வருவார். தண்ணீர்க் குடத்தைக் கட்டிலுக்கு அடியில் ஒளித்தேன். மறுநாள் அது நிரம்பி அங்கேயே இருந்தது.

ஆடி பிறந்தபோது என்னிடம் ஒரே ஒரு வேலை மிஞ்சியிருந்தது. குக்கர் விசிலை எண்ணி அடுப்பை அணைப்பது. விசில் கேட்டதும் எதிரி வந்துவிட்டான் என்று தாழிக்காரர் வாளை உருவிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிடுவார் என்பதால் அந்த வேலை தப்பித்தது. நான் அடுப்புக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். உலை வைக்காத நேரத்திலும் எழுந்திருக்கவில்லை.

ஆடி மூன்றாம் தேதி காலை பத்தரைக்குத் தாழி ஆய்வாளர் பொற்கொடி வந்தார். புறவாசலுக்குப் போய்த் தாழியைத் தட்டிப் பார்த்துவிட்டு, மோர் குடித்து, பதிவேட்டைத் திறந்தார்.

"அம்மா பேர்ல என்ன வேலை?"

"பயப்படுறது," என்றாள் தவமணி.

அது ஊருக்கே தெரியும். நான் எல்லையில் இருந்த காலம் முழுக்க வீட்டில் அதைச் செய்தவள் அவள்தான். தாழிக்காரருக்கு அந்த வேலை மட்டும் வரவே வராது. ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

"சார் பேர்ல?"

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. முதல் விசிலுக்குத் தாழிக்காரர் தெருவுக்கு ஓடினார். இரண்டாவதற்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டார். மூன்றாவதற்கு நிதானமாக உள்ளே வந்து, என் கைக்கு முன்னால் கை நீட்டி அடுப்பை அணைத்தார்.

குண்டு விழும்போதுகூட நான் அப்படி வியர்த்ததில்லை. ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார்.

"பயப்படுறத அவிய பேருக்கு மாத்திருங்க," என்றாள் தவமணி.

"மாத்தினா உங்களுக்கு ஒண்ணும் மிஞ்சாதேம்மா."

"தெரியும். எழுதுங்க."

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொன்னால் நான்தான் உள்ளே போக வேண்டும். வாயை மூடிக்கொண்டேன். ஆய்வாளர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார் ஆரம்பிச்சுட்டாரு," என்று எழுதிக்கொண்டார்.

தவமணி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு தாழிக்குள் இறங்கினாள். கழுத்து வலிக்காமல் இருக்கத் தலையை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும் என்று தாழிக்காரர் சொல்லிக்கொடுத்தார். அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "எடம் தாராளமாத்தான் இருக்கு," என்றாள். ஆய்வாளர் காலம் என்ற கட்டத்தில் இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டு என்று எழுதினார். அதுவரை என் வேலையில் விடுப்பு கிடையாது. நான் கையெழுத்துப் போட்டேன். நடுக்கம் திருப்தியாக இருப்பதாகச் சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

நான் காலை ஐந்து மணிக்குத் தொடங்குகிறேன். சாயங்காலம் தாழி அருகே போய் நிற்பேன். உள்ளேயிருந்து அவள் மேற்பார்வை பார்ப்பாள்.

"ஒழுங்கா பயப்படுதியளா?"

"பயப்படுதேன், ஏளா."

"எதுக்கு?"

"நீ என்னைக்காவது இப்படிக் கேக்காம போயிருவியோன்னு."

"ஆங், அதத்தான். அத மட்டும் விட்டுராதிய."

இன்னும் இரண்டாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றொன்பது வருஷமும் ஏழு மாதமும் இருக்கின்றன.